கடைசி வீட்டுக் கதவு

தச்சர் ஒவ்வொரு ஆணி அடிக்கும்போதும் கதவு உள்ளேயிருந்து அதிர்ந்தது. யாரோ இரண்டு கையாலும் ஓங்கி ஓங்கி அறைந்தார்கள். அவர் காதில் வாங்காமல் அடுத்த பலகையை எடுத்துக் குறுக்கே வைத்தார்.

புயல் கரையைக் கடக்க இன்னும் மூன்று மணி நேரம் என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தெரு முழுக்க ஜன்னல்களுக்குப் பலகை அடித்துக் கொடுத்தவர் அவர்தான். மிச்சம் இருந்தது அவருடைய வீட்டு வாசல் மட்டும். தெருவில் அதுதான் கடைசி வீடு, அதற்கப்பால் கடல்.

ஆட்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்த டீச்சர் சத்தம் கேட்டு ஓடி வந்தார். பின்னாலேயே ஐஸ் ஃபேக்டரி மேஸ்திரியும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் வந்தார்கள்.

"உள்ள யாருங்க?"

"யாருமில்ல டீச்சர். நீங்க கிளம்புங்க."

கதவு மறுபடி தடதடத்தது. உள்ளேயிருந்து வந்த கத்தலில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை, காற்று எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு போனது.

டீச்சர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். "உங்க பொண்ணு எந்த வேன்லயும் ஏறலியே! வாயும் வயிறுமா இருக்கறவளாச்சே!"

புருஷனோடு இனி வாழ மாட்டேன் என்று அவள் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வந்த அன்று, "என் மானத்த வாங்கிட்டியே, உன்னக் கடல்ல தள்ளிட்டு நானும் விழுந்துடறேன்" என்று தச்சர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருந்தது.

"அவ எங்க? அத மட்டும் சொல்லுங்க."

தச்சர் வாயைத் திறந்தார். கதவை ஒரு தரம் பார்த்தார். மூடிக்கொண்டார்.

மேஸ்திரி அதற்குமேல் பொறுக்கவில்லை. முதல் குத்து தாடையில் விழுந்தது. தச்சர் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பிவிட்டு, தவழ்ந்து வந்து கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். சுத்தியலை மட்டும் விடவில்லை.

"கிட்ட வந்தா மண்டையப் பொளந்துடுவேன்!"

வந்தவனின் முழங்காலில் சுத்தியல் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு விழ, மற்றவர்கள் ஒரேயடியாகப் பாய்ந்தார்கள். விலாவில் உதை விழுந்தது, வயிற்றில் விழுந்தது. மேஸ்திரி சுத்தியல் பிடித்த கையைக் குதிகாலால் மிதித்தார். விரல்கள் முறியும் சத்தம் அந்தக் காற்றிலும் கேட்டது.

"பெத்த பொண்ணக் கடலுக்குத் தின்னக் குடுக்கறியே, நீயெல்லாம் மனுஷனா?" டீச்சர் கத்தினார்.

"தொறக்காதீங்க... உங்க கால்ல விழறேன்." தச்சர் அவர் புடவை ஓரத்தை எட்டிப் பிடித்தார். "புயல் போகட்டும். அப்புறம் என்னைக் கொன்னு போட்டுடுங்க."

"புயல் போனப்புறம் உள்ள என்னடா மிச்சம் இருக்கும்?" மேஸ்திரி வாசலில் கிடந்த கடப்பாரையை எடுத்துப் பலகையின் இடுக்கில் கொடுத்து நெம்பினார். ஒன்று பெயர்ந்தது. இன்னொன்று பெயர்ந்தது. மழை சரளைக் கல் மாதிரி முகத்தில் அடிக்க ஆரம்பித்திருந்தது.

டீச்சர் கதவோடு வாயை வைத்துக் கத்தினார். "பயப்படாதம்மா! நாங்க வந்துட்டோம்!"

உள்ளே சத்தம் சட்டென்று நின்றது.

கடைசிப் பலகையும் பெயர்ந்து கதவு திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து முதலில் வந்தது ஒரு வெட்டுக்கத்தி. மேஸ்திரியின் தோளில் அது ஆழமாக இறங்க, அவர் கடப்பாரையோடு சரிந்தார். டீச்சரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு ஓர் ஆள் வெளியே வந்தான். கீழே கிடந்த தச்சரின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கினான்.

"எங்கடா என் பொண்டாட்டி?"