மாறிப்போன ஒயர்

"கையில இருக்கிறதைக் கீழ வச்சிட்டு எழுந்திரு பாப்பா. துணியெல்லாம் எடுத்துக்கோ. கீழ வண்டி நிக்குது."

செருப்பைக் கழற்றும்போதே பெரியவர் சொல்லிவிட்டார்.

பாப்பா எழவில்லை. கூடத்துத் தரையில் செய்தித்தாள் விரித்து அவளும் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே பிரித்துப் போட்ட பழைய ரிமோட் கார். சக்கரங்கள், மோட்டார், துரு ஏறிய திருகுகள். மேல்கூடு மட்டும் ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது. பச்சை வண்ணம் பாப்பா அடித்தது. பாதி ஜன்னலிலும் இருந்தது.

"இப்ப வர முடியாது தாத்தா. மோட்டார் திறந்து கிடக்கு."

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க."

"என்ன சொல்றது மாமா? திறந்துதான் கிடக்கு."

நாற்காலியில் மடிக்காத துணிகள் குவிந்திருந்தன. பெரியவர் அவற்றை ஒதுக்கிவிட்டு நுனியில் உட்கார்ந்தார்.

"இவ அம்மா கண்ணை மூடினதுக்கப்புறம் இந்த வீடு வீடாவா இருக்கு? பிள்ளை என்ன சாப்பிடுது?"

"நான் சமைக்கிறேன்."

"கருக்கிடுவாரு," என்றாள் பாப்பா. "சுரண்டிட்டுச் சாப்பிட்டா நல்லாத்தான் இருக்கும்."

"தலையைப் பாருங்க, குருவிக்கூடு மாதிரி. நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரையும் காலையில வரச் சொல்லுங்க. சீப்பு எடுத்துத் தரேன். வாரி விட்டுட்டுப் பேசட்டும்."

அவன் குரல் உயரவே இல்லை. அதுதான் பெரியவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"கிண்டல் பண்றீங்களா? எனக்குன்னு மிச்சம் இருக்கிறது இவ ஒருத்திதான். எங்க ரத்தம்."

"எப்ப வேணும்னாலும் வந்து பாருங்க மாமா. தங்குங்க. கூட்டிட்டுப் போக மட்டும் விடமாட்டேன்."

"உங்களுக்குச் சின்ன வயசு. நாளைக்கே இந்த வீட்டுக்கு இன்னொருத்தி வருவா. அவ இவளைத் தன் பிள்ளையாப் பாத்துக்குவாளா?"

அவன் கையில் இருந்த, ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் கம்பியின் நுனியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. அவன் அதையே பார்த்தான்.

"பாத்துக்க முடியாதுன்னு யார் சொன்னா?"

"முதல்ல அவங்களுக்கு சால்டர் வைக்கத் தெரியுமான்னு கேக்கணும்," என்றாள் பாப்பா. "அப்பா, அசையாம பிடிங்க."

அவன் முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டான்.

"நான் வக்கீலைப் பாத்தா என்ன ஆகும்னு தெரியுமா?" என்றார் பெரியவர். "சட்டம் யார் பக்கம்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். போய்ப் பாருங்க. கோர்ட்டுல நிக்கச் சொன்னா நிக்கிறேன். நானா அவ துணியை மடிச்சுக் குடுக்க மாட்டேன்."

"துணி மடிக்கவே தெரியாது அவருக்கு," என்றாள் பாப்பா, நாற்காலியைக் காட்டி.

பெரியவர் சிரிக்கவில்லை.

கடைசி ஒயரும் ஒட்டியது. மோட்டாரை மூடினார்கள். பல்சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய். பாட்டரியைச் செருகி, ரிமோட்டின் வளைந்த ஏரியலை இழுத்துவிட்டு அவளிடம் கொடுத்தான்.

"விசையை முன்னாடி தள்ளு."

தள்ளினாள். கார் உறுமிக்கொண்டு பின்னால் பாய்ந்து பெரியவரின் காலில் மோதி நின்றது.

"ஐயோ! ஒயரை மாத்தி வச்சிட்டீங்கப்பா!"

"இல்ல. முன்னாடி எப்படி இருந்துதோ அப்படியேதான் வச்சேன்."

"அப்போ முன்னாடியே தப்பா இருந்திருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன்பா அப்படியே வைக்கணும்?"

"அப்படித்தான் ஓட்டியிருக்காங்க. அதை மாத்த நான் யாரு?"

பெரியவர் குனிந்து, காலடியில் கிடந்த காரைப் புரட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் அடித்தட்டில் ஒரு மூலை உருகி நெளிந்திருந்தது. அதை விரலால் தடவினார். பிறகு கையை நீட்டினார்.

"ரிமோட்டைக் குடு."

வாங்கியதும் விசையைப் பின்னால் இழுத்தார். கார் நேராக முன்னால் ஓடியது. மேஜைக் கால்களுக்கு நடுவே புகுந்து, சுவரோரம் திரும்பி, எதிலும் இடிக்காமல் அவர் காலடிக்கே வந்து நின்றது.

பாப்பா வாயைப் பிளந்தாள். "தாத்தா! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மாத்தி ஒட்டினதே நான்தான். கம்பி பட்டு உருகினதும் என் கைவரிசைதான்." "சரி பண்ணித் தரேன்னு எவ்வளவோ சொன்னேன். அந்தப் பிள்ளை விடவே இல்ல. வேற யார் எடுத்து ஓட்டினாலும் சுவத்துல போய் முட்டும். அதைப் பாக்கறதுல ஒரு சந்தோஷம்."

"அம்மா இதை அலமாரி மேல ஒளிச்சு வச்சிருந்தாங்க," என்றாள் பாப்பா.

பெரியவர் அவன் பக்கம் திரும்பினார். "யாரோடதுன்னு தெரிஞ்சுதான் இதை நோண்டிட்டு இருந்தீங்களா தம்பி?"

"தெரியும் மாமா. அவ சொல்லியிருக்கா. பாப்பாவுக்குச் சேர வேண்டியது. ஓடாத வண்டியை எப்படிக் கையில குடுக்கறது?"

பெரியவர் ரிமோட்டைப் பாப்பாவின் மடியில் வைத்தார். எழுந்தார்.

"வக்கீலும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவ இங்கயே இருக்கட்டும்."

வாசல்வரை போனவர், கூட வந்த அவன் தோளில் கை வைத்து மெதுவாகச் சொன்னார்: "இது அவளைப் பெத்தவன் ஓட்டின காருன்னு ஒரு நாள் பொறுமையாச் சொல்லுங்க தம்பி. என் பையன் போனப்ப அவ கைக்குழந்தை. நீங்க அவ அம்மாவைக் கட்டிக்கிட்டு வர்றப்ப அவனோட முகம்கூட அவளுக்கு ஞாபகம் இருந்திருக்காது."

"அதெல்லாம் தெரியும் தாத்தா," என்றாள் பாப்பா, காரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா எப்பவோ சொல்லிட்டாரு."