ஆஸ்பத்திரிக்குப் போன சார்ஜ்

வெயில் காலத்தில் மதியம் ஒரு மணி ஆனால், கரண்ட் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, சென்னையில் சார்ஜிங் ஸ்டாண்டுகளில் நிறுத்தி வைத்திருக்கும் மின்சார வண்டிகளின் பேட்டரியிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குக் கரண்ட் போகும். விருப்பமில்லாதவர்கள் மறுத்துவிடலாம். பல்லாவரத்தில் ஆட்டோ ஓட்டும் இருதயராஜ் ஒருநாளும் மறுத்ததில்லை. அவர் மனைவி பிலோமினா பத்து நாளாக ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்தாள்.

அன்று மூன்று மணிக்கு நர்ஸ் போன் செய்தாள். "அம்மா உங்களையே கேக்கறாங்க. உடனே வாங்க."

சார்ஜிங் ஸ்டாண்டுக்கு ஓடினார். வண்டியில் இரண்டு சதவீதம்தான் மிச்சம் இருந்தது.

"எல்லா வண்டியும் இப்படித்தாண்ணே நிக்குது," என்றாள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் மும்தாஜ். "பஸ்ஸும் நாலு மணிக்கு மேலதான்."

ஆறு கிலோமீட்டர். நடந்தார், ஓடினார், மறுபடி நடந்தார்.

நர்ஸ் வார்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "கால் மணி நேரம் ஆச்சு ஐயா. கதவையே பாத்துட்டிருந்தாங்க. கரண்ட் ஒரு நிமிஷம்கூட நிக்கல. கஷ்டப்படாமத்தான் போனாங்க."

இருதயராஜ் தலையை ஆட்டினார். கட்டிலருகே உட்கார்ந்து, மனைவியின் நெற்றியில் கலைந்து கிடந்த முடியை ஒதுக்கிவிட்டார். நர்ஸ் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்தாள்.

"ஃபேனை மட்டும் விட்டுடும்மா," என்றார். "அவளுக்கு வெக்கை ஆகாது."