இன்ஜின் தட்டுகிற சத்தம்

"சாதாவா, பிரீமியமா?" என்று பம்ப்காரர் கேட்டு முடிப்பதற்குள், "சாதா, ஃபுல்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

வாயைக் குறை சொல்ல முடியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரே ஓட்டை வண்டி, ஒரே பதில்.

ஆனால் இன்று நான் உட்கார்ந்திருந்தது என் வண்டியில் இல்லை. என் மனைவியின் அண்ணனுடைய புது வண்டியில்.

தங்கையைக் கட்டிக்கொடுத்தபோதுகூடச் சொல்லாத புத்திமதியை எல்லாம் மச்சான் சாவியைக் கொடுக்கும்போது சொல்லியிருந்தார். "பிரீமியம் மட்டும்தான் மாப்ள. இது ஆக்டேன் ஜாஸ்தி கேக்குற இன்ஜின். சாதாவை ஊத்துனா, முந்திரிக்கொட்டை மாதிரி நேரத்துக்கு முன்னாடியே பத்திக்கும். டிக் டிக்குன்னு தட்டும். அந்தச் சத்தம் கேட்டா இன்ஜின் செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தம்."

டாங்க் மூடியின் உட்புறத்திலும் இதையே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்தார்கள். பம்ப்காரர் மூடியைச் சாத்தும்போதுதான் அதைப் படித்தேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்ஜினுக்கு முன் அவள் வெடித்திருப்பாள்.

அவள் பின்சீட்டில் தன் அப்பாவோடு இருந்தாள். என் வண்டிக்குள் குனிந்து ஏற மாமனாரால் முடியாது. அதனால்தான் பிசியோதெரபிக்குப் போக இந்த இரவல் ராஜயோகம். அவருடைய வலது கையைத் தூக்கிக் கதவுக் கைப்பிடிமேல் வைத்துவிட்டு, பெல்ட்டை மாட்டிவிட்டிருந்தாள். பக்கவாதம் வந்ததிலிருந்து வைத்த இடத்தில் இருக்கும் அந்தக் கை. பேச்சும் இன்னும் திரும்பவில்லை.

"ரேடியோ போடுங்க, அப்பா கேக்கட்டும்."

போட்டேன். ஏதோ பழைய பாட்டு. துள்ளலான மெட்டு.

மேம்பாலத்தின் ஏற்றம் வந்தது.

டிக்.

என் முதுகு நிமிர்ந்துவிட்டது.

டிக், டிக். டிக்.

போச்சு. மச்சான் மூன்று வருடம் ஆசைப்பட்டு வாங்கிய இன்ஜின், என் வாய்க்கொழுப்பால் போய்ச் சேரப்போகிறது. சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூடத் தெரியவில்லை. தப்பு செய்தவனுக்கு நாலு பக்கமும் இன்ஜின்தான்.

சரியாகக் கேட்பதற்காக ரேடியோவை அணைத்தேன்.

சத்தம் நின்றது.

"பாட்டை ஏன் நிறுத்துனீங்க?"

போட்டேன். டிக், டிக்.

அணைத்தேன். அமைதி.

போட்டேன். டிக், டிக். டிக்.

எனக்குள் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்த விஞ்ஞானி துள்ளி எழுந்தான். ஆக, இந்த வண்டியில் ரேடியோகூட பிரீமியத்தில்தான் ஓடுகிறது!

"என்ன இது, சின்னப் புள்ளையாட்டம்?" என்றாள் மனைவி.

ஏ.சி.யை அணைத்துப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரைப் பூமேல் கால் வைப்பதுபோல் மிதித்தேன். ஒரு சைக்கிள் எங்களை முந்திக்கொண்டு போனது. அதை ஓட்டியவர் திரும்பி எங்கள் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். நான் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கோ ராஜா, திரும்பி வரப்ப உனக்கு நல்லதா ஊத்துறேன்" என்று முணுமுணுத்தேன்.

ராஜா பொறுக்கவில்லை. இன்னும் வேகமாகத் தட்டினான்.

பாலம் இறங்கியதும் சிவப்பு விளக்கு. பிரேக்கை மிதித்தேன்.

இந்த வண்டிக்கு ஒரு பணக்காரப் பழக்கம் உண்டு. சிக்னலில் நின்றால் இன்ஜினைத் தானே அணைத்துக்கொள்ளும், காலை எடுத்தால் தானே எழுந்துகொள்ளும். இப்போதும் அணைந்தது. இன்ஜின் சுற்றுவதைக் காட்டும் முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டிக், டிக். டிக்.

அணைந்த இன்ஜின் எப்படித் தட்டும்?

திரும்பிப் பார்த்தேன்.

மனைவி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாமனார் எதுவுமே நடக்காததுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவுக் கைப்பிடியின்மேல், மோதிரம் போட்ட அவருடைய வலது கை விரல் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

சாப்பாட்டு மேசையில் அவர் அப்படித்தான் தட்டுவார். முதன்முதலில் அந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, சீக்கிரம் கிளம்பு என்கிறார்போலிருக்கிறது என்று பாதிச் சோற்றில் எழுந்தவன் நான்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தத் தொடங்கின.

"எடுத்துடாதீங்க" என்றாள் மனைவி, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "பாட்டு முடியட்டும்."

என் போன் அடித்தது. மச்சான்.

"வண்டி எப்படிப் போகுது மாப்ள? சத்தம் ஏதும் கேக்குதா?"

 போனைப் பின்சீட்டுப் பக்கம் நீட்டினேன்.

டிக், டிக். டிக்.

அந்த மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவருக்கு ஆயிரம் ஹாரனுக்கு நடுவிலும் அந்தச் சத்தம் தெரியும்.

"மாப்ள" என்றார். "என்ன பெட்ரோல் ஊத்துனீங்க?"

"சாதா மச்சான்."

"அதையே ஊத்துங்க."