செவலை திரும்பிப் பார்க்கிறாள்

“அழுக்குக் கூடை முழுக்கக் குதிரை வாடை. நீங்களே மோந்து பாருங்க.”

மனைவி கூடையை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். பாத்திரக்கடைக்காரர் குனிந்தார். வாடை அடிக்கத்தான் செய்தது. வேலிக்கு இந்தப் பக்கம், குதிரைக்கு எட்டாத தூரத்தில் நின்று பார்க்கிற தன்மேல் அது எப்படி வந்து ஒட்டுகிறது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் கடையை மச்சினன் தலையில் கட்டிவிட்டுப் பந்தய மைதானத்துக்கு ஓடுகிற மனுஷன், வாடையைப் பற்றி என்னவென்று வாதாடுவார்? அன்றைக்கும் சனிக்கிழமைதான்.

“நான் என்ன பந்தயமா கட்டறேன்? சும்மா பாக்கத்தானே போறேன்.”

“கட்டறவனுக்காவது எப்பவாவது ஏதாவது வரும். உங்களுக்குத் தொண்டைக்கட்டுதான் வருது.”

அது உண்மை. எதிர்க்கடைக்குள் கால் வைத்துவிட்ட வாடிக்கையாளரையே திருப்பி இழுத்த குரல் அவருடையது. செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண்குதிரை, செவலை என்று அவர் வைத்த பெயர். அவள் கடைசி வளைவைத் தாண்டியதும் அந்தக் குரலை முழுசாக அவிழ்த்துவிடுவார்.

“நாள் முழுக்க அசையாத அண்டா குண்டானோட உக்காந்திருக்கேன். வாரத்துல ஒரு நாளாவது ஓடற ஒண்ணைக் கண்ணால பாக்க வேணாமா? அவ சாதாரணக் குதிரையில்ல. அம்மா, அம்மாவோட அம்மா எல்லாரும் ஓடிப் பேர் வாங்கினவங்க. நடையைப் பாக்கணுமே. நம்ம கடைக்கு வர்ற பெரிய வீட்டு அம்மா மாதிரி, எதையும் தொடாம, எல்லாத்தையும் ஒரு பார்வை பாத்துக்கிட்டே போவா.”

“அவ்வளவு பெரிய இடத்துப் பொண்ணு ஏன் ஒரு தடவைகூட ஜெயிக்கலை?”

“அங்கதான் விஷயமே இருக்கு. முதல்லதான் வருவா. நான் நிக்கிற இடத்துக்கு வந்ததும் டக்குனு தலையைத் திருப்பி என்னைப் பாப்பா. அந்த நேரத்துல இன்னொண்ணு முந்திடும். எனக்காக ஜெயிப்பையே விட்டுக்குடுக்கறா. இந்த வீட்டுல யாராவது எனக்காக ஒரு இட்லி விட்டுக்குடுத்திருக்கீங்களா?”

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, கூடையைக் கீழே வைத்துவிட்டு, “இனிமே போக வேணாம். சனிக்கிழமையும் கடையில உக்காருங்க” என்றாள்.

பேரம் ஆரம்பமானது. மாதத்துக்கு ஒரு தடவை என்று அவர் இறங்கினார். வருஷத்துக்கு ஒரு தடவை என்று அவள் கேட்டாள். வாயைத் திறக்காமல் பார்த்துவிட்டு வருவதானால் வாராவாரம் போகலாம் என்று திடீரென்று அவளாகவே விலையைக் குறைத்தாள். வாயைத் திறக்காமல் பார்ப்பதற்கு அது என்ன மீன் தொட்டியா என்று இவர் முறுக்கிக்கொண்டார்.

“சரி, நீயே வந்து பாரு. ஓட்டத்துக்கு முன்னாடி குதிரைங்களை வேலியோரமா நடத்திக் காட்டுவாங்க. அவ நம்மளைத் தேடி வந்தா, ஆயுசுக்கும் சனிக்கிழமை எனக்கு. வரலைன்னா கல்லாவை விட்டு நகரமாட்டேன்.”

“நான் எதுக்கு அங்கெல்லாம்? காலையில நடந்துட்டு வந்ததுக்கே காலு கெஞ்சுது.” டாக்டர் சொன்னதிலிருந்து விடியற்காலை நடையை அவள் ஒரு நாளும் விட்டதில்லை.

“பயந்துட்டே.”

ஜவுளி வியாபாரி மகளான அவளிடம் அப்படிச் சொல்லலாமா? நடைக்குக் கொண்டுபோகும் கைப்பையை அப்படியே தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

மூன்றே நிறுத்தம்தான்; பஸ்ஸில் அதுவரைக்கும் குதிரைப் பாடம் நடந்தது. பின்பக்கம் போய் நிற்கக் கூடாது, காது நிமிர்ந்தால் சந்தோஷம், பின்னால் படிந்தால் கோபம். அவள் கொட்டாவி விட்டாள். மைதானத்துக்குள் நுழைந்ததும் கறுப்புக் கண்ணாடி போட்டு, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சொந்தக்காரர் எவராவது பார்த்துவிடுவாரோ என்ற கூச்சம் போலிருக்கிறது என்று அவர் சிரித்துக்கொண்டார்.

குதிரைகள் ஒவ்வொன்றாக வந்தன. நாலாவதாகச் செவலை. புளி போட்டுத் துலக்கிய செம்புக் குடம் மாதிரி உடம்பு மின்னியது. பாத்திரக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“கத்தாதீங்க” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து அவர் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள் மனைவி.

செவலை நின்றாள். மூக்கை உயர்த்தினாள். இரண்டு காதும் விறைத்து நிமிர்ந்தன. பிடித்துவந்த லாயக்காரர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அவள் நேராக வேலிக்கே வந்துவிட்டாள்.

பாத்திரக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்துக்க. நல்லாப் பாத்துக்க. சனிக்கிழமை இனிமே எனக்கு” என்று தழுதழுத்தபடி இரண்டு கையையும் விரித்தார்.

செவலை அவர் தோளுக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, பின்னால் நின்றவளின் கைப்பைக்குள் மூக்கை நுழைத்தாள். முக்காடு நழுவியது. பைக்குள்ளிருந்து பாதிக் கேரட் ஒன்று வெளியே வந்தது.

மூச்சு வாங்க நின்ற லாயக்காரர் பாத்திரக்கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவர் மனைவி பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“என்னம்மா, இந்த ஆளு கத்தறதுலதான் இவ மிரள்றா, வீட்டோட நிறுத்திடறேன்னு காலையில லாயத்துலதானே சொன்னீங்க?”