அவன் முறை

ஜெபமாலையில் ஆளுக்கொரு பகுதி சொல்வது அந்த வீட்டு வழக்கம். புதிய பங்குத்தந்தையும் உடன் உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அப்பால் டிவி அலறியது, யாரும் அசரவில்லை. அப்பா, அம்மா, மகள் சொல்லி முடித்ததும் ஜெபம் நின்றது. எல்லாருடைய பார்வையும் ஒரு காலி நாற்காலியின் மேல் இருந்தது.

"நான் சொல்லட்டுமாம்மா?" என்றார் பங்குத்தந்தை.

"வேணாம் ஃபாதர். இது பெரியவன் முறை. யாருக்கும் குடுக்க மாட்டேன்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எப்பம்மா தவறினாரு?"

"நீங்க வேற. குத்துக்கல்லாட்டம் பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கான். கடவுளே இல்லைங்கிறான்."

"கூப்பிட்டுப் பாக்கலாமே?"

"கூப்பிட்டா சண்டைதான் வரும். அவனா வருவான்."

"அவ்வளவு நம்பிக்கையா?"

"இப்ப டிவி சத்தம் கேக்குதா ஃபாதர்?"

கேட்கவில்லை.

"தினமும் அவன் முறைக்கு மட்டும் நிறுத்திடுவான்."