பதினேழாம் எண் டோக்கன்

மின் சிகரெட்டுக்குக் கட்டுப்பாடு கொண்டுவரலாமா என்ற கருத்துக் கேட்புக் கூட்டம் காலை பத்து மணிக்கு. வாசலிலேயே ஒரு காவலாளி எவர்சில்வர் தட்டோடு வழிமறித்தார்.

"உள்ளே புகை விடக்கூடாது சார். மெஷினை இதுல வச்சிட்டு டோக்கன் வாங்கிக்குங்க."

"கோயில் வாசல்ல செருப்பு விடற மாதிரி ஆக்கிட்டீங்களே," என்றபடி தேவசகாயம் தன் கறுப்பு மின் சிகரெட் குழலைத் தட்டில் வைத்தார். இருபது வருஷத்து சிகரெட் பழக்கத்தை அந்தக் குழலால்தான் கைவிட்டிருந்தார். அதையும் பறித்தால் மறுபடி சிகரெட்தான் என்ற பயத்தில் ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"மாம்பழ வாசனைக் குழலுக்கும் தடையாமே," என்று பின்வரிசையில் ஒருவர் முனகினார். தேவசகாயம் மைக்கைப் பிடித்தார்.

"இது இல்லாம என்னால ஒரு மணி நேரம் இருக்க முடியாதும்மா," என்றார் கூட்டத்தை நடத்திய பெண் அதிகாரியிடம். கைதட்டல் எழுந்தது. அதிகாரி மடக்கி மடக்கிக் கேட்டார், இவர் விடவில்லை. சாப்பாட்டு வேளை தாண்டியும் வாதம் ஓடியது.

மாலையில் சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி ரெஜினா, பையிலிருந்த டோக்கனை நீட்டினாள்.

"என்னங்க இது, பதினேழு?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து. காலை பத்திலிருந்து விரல்விட்டு எண்ணினார்; ஏழு. "குழலை அங்கேயே மறந்து வச்சிட்டு வந்துட்டேன்."

"ஆறு மணிக்கு ஆபீஸைப் பூட்டிடுவாங்க. ஓடிப் போய் வாங்கிட்டு வந்துடுங்க," என்றாள் ரெஜினா.

தேவசகாயம் ஒரு காலில் செருப்பை மாட்டினார். அப்படியே நின்றார்.

"இன்னும் ஒரு மணி நேரம் இருந்து பாக்கறேன், ரெஜி."