கொடிக்கு முன்னால் விழுந்த குண்டு

குண்டு எறியும் மைதானத்தில், சாதனை தூரத்தைக் காட்டுவதற்காக ஒரு சின்னச் சிவப்புக் கொடியை நட்டிருந்தார்கள். இரும்புக் குண்டு ஒவ்வொரு முறையும் பறந்து வந்து, கொடிக்கு ஒரு சாண் முன்னால் தொப்பென்று விழும். எறிந்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவார்.

"வேணும்னேதானே முன்னாடி விழறே?" என்று ஒருநாள் கொடி கேட்டுவிட்டது.

குண்டு மண்ணுக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்துகொண்டது. "தாண்டினா உன்னைப் பிடுங்கிடுவாங்களே அக்கா."

கொடிக்குச் சிரிப்பு வந்தது. "அசடு! அதோ, அந்த எறும்புப் புற்று தெரியுதா? முதல்ல என்னை அங்கேதான் நட்டாங்க. ஒவ்வொருத்தரா தாண்டித் தாண்டித்தான் என்னை இவ்வளவு தூரம் கூட்டிக்கிட்டு வந்தாங்க. எனக்கு ஏது காலு?"

எறிபவர் வந்து குண்டைத் தூக்கினார். மண்ணைத் துடைத்து, கழுத்தோடு அணைத்துக்கொண்டார்.

இந்த முறை அது கொடியின் தலைக்கு மேலே பறந்து போனது. மைதானமே கத்தியது. கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, குண்டு விழுந்த பள்ளத்தின் ஓரத்தில் நட்டார்கள்.

"இங்கே காத்து நல்லா வருதுடா" என்றது கொடி. "நாளைக்கும் கூட்டிக்கிட்டுப் போறியா?"